வோகெராவுக்கு எந்த மேடை?

சுவாமி நிர்மலர் ஜெனோவா நகரத்தில் பேசுவதற்காக இத்தாலி போயிருந்தார். கூடவே சீடர் தணிகாசலம். சீடர் என்றாலும் குருவைவிட வயதில் மூத்தவர். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற கையோடு ஆசிரமத்துக்கு வந்தவர். எதிலும் கடைசிவரை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசாமி.

மிலான் ஸ்டேஷனுக்குள் வந்ததும் இருவரும் அண்ணாந்து நின்றுவிட்டார்கள். அப்படி ஒரு உயரம். அவசரமாக ஓடுகிறவனைக்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிடும். கட்டியவனுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும். வழி கண்டுபிடிப்பது மட்டும் அவரவர் பாடு.

"சாமி, கடைசி நிலை எனக்கு எப்போ வாய்க்கும்?" தணிகாசலம் பெட்டிகளை இறக்கி வைத்தபடி கேட்டார். தினமும் கேட்கிற கேள்விதான்.

"முதல்ல வோகெராவுக்கு எந்த மேடைன்னு பார்த்துட்டு வாங்க."

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. வோகெராவில் அவர் மகள் வதனி இருக்கிறாள். குழந்தை பிறந்ததைச் சொல்லி, "ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்கப்பா" என்று போனில் அழுதிருந்தாள். "நான் எல்லாத்தையும் விட்டவன்மா" என்று இவர் போனை வைத்துவிட்டார். அதைச் சுவாமியிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தார்.

இப்போது சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் வண்டிகளின் அறிவிப்புப் பலகையைப் பார்க்கப் போனார்.

பலகை நிறைய ஊர்கள். வோகெரா மட்டும் இல்லை. பாதி வண்டிகளுக்கு மேடை எண்ணே போடவில்லை. இன்னொரு பலகைக்கு ஓடினார். அது வந்து சேரும் வண்டிகளின் பலகை. ஒரு பெரியவரைக் கேட்டார். அவர் இரண்டு கைகளையும் வீசி மிகுந்த அன்போடு விளக்கினார். ஒரு சொல்லும் புரியவில்லை. தணிகாசலத்துக்கு வியர்த்துவிட்டது.

பக்கத்தில் யாரோ போனில் தமிழ் பேசுவது கேட்டது. யாழ்ப்பாணத்துப் பெண்.

"அம்மா, வோகெரா போற வண்டி போர்டுலயே இல்லையே?"

"இருக்குது ஐயா. வண்டி முடியிற ஊரைத்தான் பெரிசாப் போடுவினம். நடுவில நிக்கிற ஊரெல்லாம் கீழ சின்ன எழுத்தில ஓடும். உங்களுக்கு ஜெனோவா வண்டி."

"மேடை?"

"அது கடைசி நேரத்திலதான் வரும். வந்த உடனே ஓடுங்கோ."

எண் வந்தது. எட்டு. பலகையடியில் நின்ற கூட்டம் மொத்தமும் கிளம்பியது. தணிகாசலம் அதைப் பிளந்துகொண்டு சுவாமியிடம் வந்தார். சுவாமி பெட்டியின் மேல் உட்கார்ந்து இன்னும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் ஒருவழியாக ஏறி உட்கார்ந்தார்கள். மூச்சு வாங்கி முடிந்ததும் தணிகாசலம் குறைபட்டுக்கொண்டார்.

"சாமி, இது நம்ம ஜெனோவா வண்டிதான். ஜெனோவான்னே சொல்லியிருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பேன்."

"ஜெனோவாவுல இறங்கறது நான்."

"அப்போ நான்?"

"நீங்க இறங்கற ஊரைத்தான் சொன்னேன்."

வண்டி நகர ஆரம்பித்தது.

"பெட்டியை யார் தூக்குவா?"

"நான் தூக்குவேன்."

"கூட்டத்துல நான் பக்கத்துல இருக்க வேண்டாமா?"

"பேசப் போறது நான்தானே."

"என்ன சாமி இது. நான் குழந்தை குட்டி எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவன்."

சுவாமி அவர் பக்கம் திரும்பினார். வயதில் மூத்த ஒருவரை நோகடிக்காமல் கேட்க அவருக்குத்தான் தெரியும். அதற்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

"மகளை விட்டீங்க, சரி. அந்தக் குழந்தையை நீங்க இன்னும் கையிலேயே வாங்கலையே. வாங்காததை எப்படி விட்டீங்க?"