மாசிலாமணி சாரின் நாலு முகம்

"இது நான் இல்லேன்னா வேற யாரு?" என்று கேட்டார் மாசிலாமணி.

கேட்ட இடம் ஓவியக் கல்லூரியின் மாலை வகுப்பு. கேட்டவர் மாணவர். கேட்கப்பட்டவள் ஆசிரியை தையல்நாயகி.

மாணவர் பணி ஓய்வு பெற்றவர். ஆசிரியைக்கு இன்னும் நரை எட்டிப் பார்க்கவில்லை. போதாததற்கு, பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இயற்பியல் நடத்தியவர் இதே மாசிலாமணிதான்.

இந்தச் சிக்கலுக்கு அவர் சேர்ந்த அன்றே ஒரு தீர்வு கண்டிருந்தார். கல்லூரி வாசலுக்கு உள்ளே 'மேடம்', 'நீங்க'. வெளியே 'நாயகி', 'நீ'. உணர்ச்சி மிகும்போது மட்டும் எல்லை அழியும்.

இப்போது அழிந்துவிட்டது.

"நீயே சொல்லு நாயகி. மூக்கு என் மூக்கு. காது என் காது. காதுக்குள்ள இருக்கிற மயிரைக்கூட விடாம போட்டிருக்கேன்."

அவள் பென்சில் படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"படம் நல்லா இருக்கு சார். ஆள் யாருன்னுதான் தெரியல."

"அதைத்தானே நானும் கேட்கிறேன்!"

"நானும் அதைத்தான் சார் கேட்கிறேன்."

அந்த ஆண்டுக்கான செய்முறைப் பணி சொல்வதற்கு எளிது. தன் முகத்தைத் தானே செய்ய வேண்டும். பென்சிலில், நீர்வண்ணத்தில், களிமண்ணில், மர அச்சில். நாலில் ஒன்றிலாவது ஆள் சிக்க வேண்டும். சிக்கினால் தையல்நாயகி அதை வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முன் வைப்பாள். சிக்காவிட்டால் வைக்க ஒன்றுமில்லை. வைக்க ஒன்றுமில்லாதவருக்கு இரண்டாம் ஆண்டும் இல்லை.

மாசிலாமணிக்கு இரண்டாம் ஆண்டு வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் எண்ணெய் வண்ணம். அந்த அறையைக் கடக்கும்போது மூக்கில் ஏறிய வாசனை அவரை விடவில்லை. தலைவனைப் பிரிந்த தலைவிக்கு இலக்கணக்காரர்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம், உடல் மெலிவது நீங்கலாக, அவரிடம் தென்பட்டன.

"கண்டிப்பு போதலையோ?" என்று யோசித்தார். ஊரில் பாதிப் பேரை அதட்டிப் படிக்க வைத்த முகம் அது. படத்தில் அந்த அதட்டல் இறங்கவில்லை போலும்.

வீட்டுக்குப் போனார். சவரக் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் மாட்டினார். புருவத்தை நெரித்துக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்தார். கண்ணாடியில் இருந்ததை இருந்தபடி தாளுக்குக் கொண்டுவந்தார். அந்த நேர்மையை எந்த நீதிமன்றமும் மெச்சும்.

மறுநாள் நீர்வண்ணப் படத்துடன் ஓடிவந்தார்.

"ஏம்மா பர்வீன், உனக்குத் தெரியுமா? இதுல வெள்ளையைப் பூசவே கூடாது. விட்டுவைக்கணும்! தாள்தான் வெள்ளை! இதை யாருமே எங்கிட்ட சொல்லலையே!"

பர்வீன் பக்கத்துப் பலகைக்காரி. பகலில் தையல் கடை, மாலையில் ஓவியம்.

"நேத்துதான் சார் மேடம் சொன்னாங்க."

"சொன்னாங்க. ஆனா இவ்வளவு அழகா இருக்கும்னு சொல்லலையே!"

பர்வீன் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். உங்க அக்கா வீட்டுக்காரரா?"

தையல்நாயகியும் வந்து பார்த்தாள்.

"யாரு சார் இது?"

அடுத்தது களிமண். களிமண்ணில் கைவைத்த நிமிடம் அவர் மற்ற இரண்டையும் மறந்தார். முழங்கை வரை சேறு. மூக்குக் கண்ணாடியில் சேறு. சவரக் கண்ணாடியையும் வகுப்புக்கே எடுத்து வந்துவிட்டார். அதைப் பார்ப்பார், ஒரு உருண்டை அப்புவார். மறுபடி பார்ப்பார், ஒரு விரல் வழிப்பார். தலை எழுந்தது. புருவம் நெரிந்தது.

தையல்நாயகி ஒரு கம்பியை எடுத்து வந்தாள். தலையின் பின்பக்கத்தை ஒரே இழுப்பில் சீவினாள்.

"ஐயோ! என்ன பண்றீங்க மேடம்!"

"உள்ளே இருக்கிறதை எல்லாம் தோண்டி எடுத்துடுங்க சார். தலை நிரம்பியிருந்தா சூளையில வெடிச்சுடும்."

மாசிலாமணி அவளிடமிருந்து கம்பியை வாங்கிக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்துல நான் நேர்மாறா சொல்லிக் கொடுத்தேன்."

"தெரியும் சார்."

தோண்டினார். சூளையிலிருந்து தலை வெடிக்காமல், செங்கல் நிறத்தில் வந்தது. சூடு ஆறுவதற்குள் அதைத் துண்டில் பொதிந்து, பிறந்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்து மேஜையில் வைத்தார்.

தையல்நாயகி அதைச் சுற்றி நடந்தாள்.

"யாரு சார்?"

"நான்தான்! நான்! மாசிலாமணி! கண்டிப்பு குறையுதா?"

"அது நிறையவே இருக்கு சார்."

"அப்போ என்னதான் இல்லை? ஒரு வழியாவது காட்டேன் நாயகி. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. அதுவும் போச்சுன்னா நான் வீட்டுல உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டியதுதான்."

அவள் அவருடைய பென்சில் படத்தை எடுத்தாள். ஜன்னல் கண்ணாடியில், வரைந்த பக்கம் தெருவைப் பார்க்க, பின்பக்கம் அறையைப் பார்க்க ஒட்டினாள். அந்தி வெயில் தாளில் ஊடுருவியது.

"இப்போ பாருங்க சார்."

மாசிலாமணி பார்க்கவில்லை. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் படத்தை முதுகு காட்டி ஒட்டுற அளவுக்கா கேவலமா இருக்கு?"

அவள் தேநீர் குடிக்கப் போய்விட்டாள்.

மர அச்சு பாடம் தொடங்கியது. "பலகையில இடப்பக்கம் இருக்கிறது அச்சில..." என்று தையல்நாயகி ஆரம்பித்ததுதான் தாமதம்.

"இடவல மாற்றம்!" மாசிலாமணி எழுந்துவிட்டார். "மேடம், நீங்க உட்காருங்க. இது என் பாடம்."

கரும்பலகையில் ஒரு சமதள ஆடியை வரைந்தார். படுகதிர் வரைந்தார். அம்புக்குறி போட்டார். வகுப்பு கொட்டாவி விட்டது. ஆடியில் தெரியும் உருவம் இடமும் வலமும் மாறியிருக்கும் என்று இரண்டு முறை வற்புறுத்தினார். அச்சும் அப்படியே, ஆகவே பலகையில் எதையும் திருப்பித்தான் செதுக்க வேண்டும் என்று முடித்தார். தையல்நாயகி கன்னத்தில் கைவைத்து, பழைய மாணவியாகவே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு சவரக் கண்ணாடியை எதிரில் வைத்துக்கொண்டு உளியை எடுத்தார்.

கட்டையின் மணம் அவரைக் கிறுகிறுக்க வைத்தது. சில்லுகள் சட்டைப் பையில் விழுந்தன, தேநீரில் விழுந்தன. கட்டை விரலில் ஒரு கட்டு. மறுநாள் ஆள்காட்டி விரலில் இன்னொன்று. "வெட்டுறது எல்லாம் வெள்ளை, விடுறது எல்லாம் கறுப்பு!" என்று வருவோர் போவோரிடம் எல்லாம் அறிவித்தார்.

மூலையில் 'மாசி' என்று கையொப்பம். இரண்டு எழுத்தையும் திருப்பிப் போட்டு, நகம் அளவுக்கு, பிசிறில்லாமல் செதுக்கினார். பாடம் நடத்தியவர் தவறு செய்யலாமா?

அச்செடுத்த அன்று மாலையே தேர்வாளர் வருவதாக இருந்தது. மாசிலாமணி உருளையால் மையைத் தடவினார். தாளைப் பரப்பினார். கரண்டியின் முதுகால் தேய்த்தார். ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கினார்.

முதலில் பெயர் வந்தது. 'மாசி'. நேராக, அழகாக.

பிறகு முகம் வந்தது.

பெயர் சரியாக இருந்தது. ஆள் மாறியிருந்தார்.

மாசிலாமணி இந்த மனிதரை எங்கேயோ பார்த்திருக்கிறார். ரயிலிலோ, கல்யாண வீட்டிலோ. வகிடு தப்பான பக்கம். மூக்கு தப்பான பக்கம் சாய்கிறது. உதடு வேறு மூலையில் ஏறுகிறது.

"அல்லா!" என்றாள் பர்வீன். "சாரேதான்!"

"யாரு?"

"நீங்கதான் சார்! உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு! எல்லாரும் இங்க வாங்களேன்!"

எல்லோரும் வந்தார்கள். ஒருவர் கைதட்டினார். ஒருவர் போன் எடுத்தார்.

"தள்ளுங்க. தப்பாயிடுச்சு," என்றார் மாசிலாமணி. "கையெழுத்தைத் திருப்பினேன். முகத்தைத் திருப்ப மறந்துட்டேன். வேற பலகை இருக்கா? ஒரு மணி நேரம் கிடைச்சா போதும்."

ஈரத் தாளை இரு கையாலும் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஆசிரியை அறைக்கு ஓடினார்.

தையல்நாயகி நாற்காலியில் உட்கார்ந்து தூரிகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

சட்டென்று எழுந்து நின்றாள். தூரிகைகள் தரையில் உருண்டன.

"வணக்கம் சா...ர்" என்றாள், பள்ளிக்கூடத்து ராகத்தில்.

"மேடம், நான் இங்க இருக்கேன்," என்றது தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் உட்காரவில்லை. 'யாரு சார்?' என்றும் கேட்கவில்லை.

"இதைப் பார்க்காதீங்க மேடம். முகம் இடம் வலம் மாறிப்போச்சு. அந்த மூணும் ஒரு ஆள், இது வேற ஆள்."

"அந்த மூணையும் எதைப் பார்த்து சார் செஞ்சீங்க?"

"எதைப் பார்த்தா? கண்ணாடியை..."

வாய் திறந்தது. மூடவில்லை.

மெதுவாகத் திரும்பி, திறந்த கதவு வழியே வகுப்பறை ஜன்னலைப் பார்த்தார். முதுகு காட்டி ஒட்டிய பென்சில் படம் அங்கேயே இருந்தது. வெயில் அதை ஊடுருவிக்கொண்டிருந்தது. தாளின் பின்பக்கத்தில், கையிலிருந்த அச்சில் இருந்த அதே மனிதர்.

"படுகதிர்..." என்று முணுமுணுத்தார். "அம்புக்குறி எல்லாம் போட்டேனே."

"ரொம்ப நல்லா நடத்தினீங்க சார்."

"அப்போ எல்லாரும் பார்த்தது இந்த ஆளையா?"

"ஆமா சார்."

"என் சம்சாரமும்?"

"அவங்களும்தான்."

"நான் மட்டும் பார்க்கலை."

"நீங்க மட்டும்தான் சார்."

அவர் வருத்தப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். மாசிலாமணியோ தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். நெடுநாளாக எதிர்வீட்டில் இருந்தும் பேசாதிருந்தவருடன் அறிமுகம் ஆவதுபோல் அவர் கண் விரிந்தது.

"நாயகி, இங்க பாரேன்! புருவம் என்னமோ நெரிஞ்சுதான் இருக்கு. ஆனா இந்த உதடு... இவன் சிரிக்கப் போறான்! இதோ, இப்போ சிரிச்சுடுவான்! கண்டிப்பாவது ஒண்ணாவது!"

வெளியே கார் நிற்கும் சத்தம் கேட்டது.

"தேர்வாளர் வந்துட்டார். குடுங்க சார், முன்னால வைக்கணும்."

மாசிலாமணி தாளை விடவில்லை.

"ஒரு கேள்வி. பதில் சொன்னாதான் தருவேன்."

"கேளுங்க சார்."

"பள்ளிக்கூடத்துல நான் வகுப்புக்குள்ள நுழைஞ்சா பயப்படுவீங்கன்னு பார்த்தா, பெஞ்சு பெஞ்சா சிரிப்பீங்க. எத்தனை பேரை முட்டி போட வெச்சேன்! அப்பவும் சிரிப்பு நிக்கலை. உண்மையைச் சொல்லு. எதுக்கு சிரிச்சீங்க?"

தையல்நாயகி மை காயாத தாளை அவர் விரல்களிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள்.

"நீங்க சிரிச்சுக்கிட்டே உள்ள வருவீங்களே சார். பதிலுக்குத்தான்."