கழுவியதும் குளித்ததும்

"சாமி, வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வர ஒரு மந்திரம் சொல்லித் தாங்க."

கேட்டவர் தாண்டவன். அறுபது வயதைக் கடந்தவர். ஏரிக்கரை மடத்துச் சாமியோ அவர் மகனைவிட இளையவர்.

"ஏன் போனான்?"

"பெரிசா சண்டை ஒண்ணும் இல்லை, சாமி. வேலை விட்டு வருவான். வந்ததும் நான் நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பிப்பேன். எழுந்து வெளியே போயிடுவான். கொஞ்ச நேரம் கழிச்சு வருவான். தினமும் இதே கதை. அப்பன் பேசும்போது என்னடா நடைன்னு ஒரு நாள் கேட்டைப் பூட்டிட்டேன். சுவரேறிக் குதிச்சுப் போனவன்தான், இன்னும் வரலை."

சாமி தொழுவத்தைக் கை காட்டினார்.

"எருமையைப் பார்த்துக்குங்க, பெரியவரே."

"மந்திரம்?"

"பால் கறக்கத் தெரியுமில்லையா?"

தாண்டவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் குருவின் சொல்லாயிற்றே.

மறுநாள் விடியும்போதே எருமையை வைக்கோலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நெற்றியில் திருநீறு பூசினார். மறுபடி அழுக்காகிவிடக் கூடாதென்று மடத்தின் கல் முற்றத்தில், தூணில் கட்டினார்.

சித்திரை வெயில் ஏறியது. எருமை ஏரியைப் பார்த்துக் கத்தியது. கயிற்றை இழுத்தது.

"சும்மா நில்லுடி. பளபளன்னு குளிப்பாட்டி விட்டிருக்கேன். இன்னும் என்ன குறை உனக்கு?"

கயிறு அறுந்தது.

எருமை நேரே ஏரிச் சேற்றில் இறங்கியது. ஒரு புரள் புரண்டது. மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே தெரியப் படுத்துக்கொண்டது.

தாண்டவன் கரையில் நின்று கூப்பிட்டார். கெஞ்சினார். வைதார். கடைசியில் ஒரு கல்லை எடுத்தார்.

சாமி வந்து பக்கத்தில் நின்றார்.

"பாருங்க சாமி, இதுதான் இப்படின்னா, மரத்தடியில அந்த நாயும் நாக்கை நீட்டி எனக்குப் பழிப்புக் காட்டுது."

"உங்க சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கே, பெரியவரே."

"வெயில்ல வேர்க்காதா?"

"நாய்க்கு நம்ம மாதிரி வேர்க்குமா?"

தாண்டவன் நாயைப் பார்த்தார். அதன் நாக்கைப் பார்த்தார். இளைப்பில் அதன் விலா ஏறி ஏறி இறங்கியது.

"எருமைக்கு?" என்று கேட்டார் சாமி.

சற்று முன்பு முற்றத்தில் அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தது தாண்டவனுக்கு நினைவு வந்தது. தோசைக்கல்லாகச் சுட்டது. பொட்டு ஈரம் இல்லை.

"அப்போ அது எங்கே போகும்?" என்றார் சாமி.

தாண்டவனின் கையிலிருந்த கல் நழுவியது.

"வராமலே இருந்துட்டா, சாமி?"

எருமையைப் பற்றிக் கேட்டாரா, மகனைப் பற்றிக் கேட்டாரா? அவருக்கே குழப்பமாக இருந்தது. சாமி அதற்குள் திரும்பி நடந்துவிட்டார்.

வெயில் தாழ்ந்தது.

யாரும் கூப்பிடவில்லை. எருமை தானாகக் கரையேறியது. உடம்பெல்லாம் சேறு அப்பியிருக்க, ஆடி அசைந்து தொழுவத்துக்கு வந்தது. கறக்கும் இடத்தில் போய் நின்றது.

தாண்டவன் வாளியும் வைக்கோலுமாக ஓடினார். சாமி குறுக்கே கை நீட்டினார்.

"என்ன அவசரம்?"

"குளிப்பாட்டணுமே!"

"அது குளிச்சுட்டுத்தானே வருது."

"சேறு சாமி! காலையில நான் எவ்வளவு நல்லா..."

"நீங்க கழுவினீங்க."

தாண்டவன் வாளியைக் கீழே வைத்தார். குளிர், குளி என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு எருமையின் முதுகில் கை வைத்தார். சேற்றுக்கு அடியில் ஜில்லென்றிருந்தது.

"மடியை மட்டும் துடைச்சுட்டுக் கறங்க" என்றார் சாமி.

தாண்டவன் உட்கார்ந்தார். துடைத்தார். காம்பில் கை வைத்தவர், கறக்காமல் நிமிர்ந்தார்.

"அவன் தினமும் எங்கே போய் உட்காருவான்னு நான் ஒரு நாளும் கேட்டதே இல்லையே, சாமி."