நாகையன் கம்பிக்கு மசியாத பூட்டு

முன்னொரு காலத்தில், எவரையும் எளிதில் நம்பாத அரசன் ஒருவன் ஆண்டுவந்தான். பால் கொண்டுவருபவனையே முதல் வாய் குடிக்கச் சொல்வான். அவன் சபையில் நாகையன் என்றொரு விகடகவி. பூட்டுகளைத் தேடி வாங்கி, சாவியில்லாமல் வெறும் கம்பியால் திறந்து பார்ப்பது அவனுடைய பொழுதுபோக்கு.

ஒருநாள் காலை அரசன் தன் இரும்புப் பெட்டியைத் திறந்தான். உள்ளே ராஜமுத்திரை மோதிரத்தைக் காணவில்லை. பூட்டோ உடையவில்லை.

நாகையனுக்குக் கிடைக்கும் சலுகைகளைக் கண்டு வெகுநாளாகப் புழுங்கிய கருவூல அதிகாரி விருதராயர் சபையில் எழுந்தார். “பிரபு, சாவிகள் இரண்டே. ஒன்று தங்களிடம், மற்றது அடியேனிடம். மூன்றாவது சாவி நாகையனின் கம்பி!”

அரசனின் பார்வை நாகையன்மேல் நிலைத்தது. நேற்றுவரை அவனோடு சிரித்தவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

“திருடன் இந்தப் பெட்டியை எப்படித் திறந்தானோ, அப்படியே என் கண்முன் திறந்து காட்டு. உன் கைகளை என்ன செய்வதென்று பிறகு யோசிக்கிறேன்” என்றான் அரசன்.

நாகையன் கம்பியை நுழைத்து நெம்பினான். ‘டக்’கென்று சத்தம். பூட்டு திறக்கவில்லை. “பிரபு, இப்போது தங்கள் சாவியைப் போட்டுப் பாருங்கள்.”

அரசன் போட்டுப் பார்த்தான். சாவி திரும்பவே இல்லை.

“பூட்டையே கெடுத்துவிட்டான்!” என்று கத்தினார் விருதராயர்.

“இல்லை ஐயா. உள்ளே ஏழு தகடுகள். ஒன்றைக் கம்பி சற்று அதிகம் தூக்கினாலும் பூட்டு இறுகிவிடும். சாவியை எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் இளகும். இதே வகைப் பூட்டோடு மூன்று மாதம் போராடித் தோற்றவன் நான். பிரபு, இன்று காலை தங்கள் சாவி சிக்கியதா?”

“இல்லையே. முதல் திருப்பிலேயே திறந்தது” என்ற அரசன், சாவியை எதிர்ப்பக்கம் திருப்பினான். பூட்டு இளகியது.

நாகையன் நேராக விருதராயரிடம் போய்க் கையை நீட்டினான். “கம்பி நுழைந்திருந்தால் காலையில் பிரபுவின் சாவி சிக்கியிருக்கும். உங்கள் சாவியைக் கொடுங்கள் ஐயா. திருடன் திறந்தபடியே திறக்க வேண்டுமென்பது அரச கட்டளை!”

விருதராயரின் கை சட்டென்று இடுப்பில் செருகியிருந்த சாவியை மூடியது. அரசன் அதைப் பார்த்துவிட்டான். அவர் வீட்டைச் சோதித்த காவலர்கள், மோதிரத்தோடு முத்திரையிட்ட வெற்று ஓலைகளையும் எடுத்துவந்தார்கள். ஊர்களைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளவே அவர் அவற்றை வைத்திருந்தார்.

விருதராயர் சிறைக்குப் போனார். “திருடனின் சாவியைத் திருடனிடமே கேட்டாயே!” என்று வயிறு குலுங்கச் சிரித்த அரசன், தன் முத்துமாலையைக் கழற்றி நாகையனுக்கு அணிவித்தான். நாகையன் வணங்கி வெளியேறியதும் அரசன் தச்சனை அழைத்தான்.

“என் பள்ளியறைக் கதவுக்கு இனிப் பூட்டு வேண்டாம். உள்பக்கம் தாழ்ப்பாள் போடு. ஒன்று போதாது, இரண்டாகப் போடு.”