கீரைப் பாத்தியில் முனியய்யா சேவல்

கண்ண மூடு. மூடுனாத்தான் கதை. கால என் மேல போடாத, வேக்காடா இருக்கு. ம், இப்பச் சொல்றேன் கேளு.

ஒரு ஊர்ல ஒரு வேலி இருந்துச்சாம். இடுப்பு உசரம் முள்ளு வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் இருளாயி வீடு, அந்தப் பக்கம் சங்கிலி வீடு. இருளாயிக்குக் கோழின்னா உசுரு. சங்கிலிக்கு அவரு போட்டிருக்குற கீரைப் பாத்திதான் உசுரு, சோறு, எல்லாம். ரெண்டு உசுருக்கு நடுவுல ஒரு முள்ளு வேலி எம்புட்டுத்தான் தாங்கும், நீயே சொல்லு?

"ம்."

ம்முன்னா என்ன அர்த்தம்? சரி, கேளு. அந்த வருசம் ஊருக்குள்ள கோழிச்சீக்கு வந்துருச்சு. ராத்திரி நல்லா அடைஞ்ச கோழி காலையில தலைய மடிச்சுக் கெடக்கும். இருளாயி வீட்டுல எல்லாம் போயிருச்சு. மிச்சம் ஒரே ஒரு குஞ்சு. அதுவும் இந்தா போறேன், அந்தா போறேன்னு கண்ணு சொருகிக் கெடக்குது. பாத்தவுகல்லாம், "தூக்கிப் போட்டுட்டு வேலையப் பாருடி"ன்னாக. அவ கேப்பாளா? சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள் வெச்சு அரைச்சு, விரல் நுனியில தொட்டுத் தொட்டு அது வாயில வெச்சா. சீலை மடியில கட்டிக்கிட்டே சமைச்சா, கூட்டுனா, தண்ணி எடுத்தா. புருசன் போன பெறகு அந்த வீட்டுக்குள்ள அவகூட மூச்சு விட வேற ஒரு சீவன் இல்ல பாத்துக்க. விட்டுருவாளா!

அப்புறம் என்ன, குஞ்சு பொழைச்சுக்கிச்சு. பொழைச்சது மட்டுமா? செக்கச் செவேல்னு ஒரு சேவலா வளந்துச்சு. கொண்டை ஒரு கை அகலம், வாலு கருகருன்னு மினுமினுங்குது. செவலைன்னு பேரு வெச்சா. "செவலை"ன்னு ஒரு குரல் குடுத்தாப் போதும், படபடபடன்னு எங்க இருந்தாலும் ஓடியாந்துரும்.

எங்க இருந்து ஓடியாரும்? சங்கிலி கீரைப் பாத்தியில இருந்துதான்! அவரு அப்பத்தான் குனிஞ்சு குனிஞ்சு வெதை தூவி, இடுப்பப் புடிச்சுக்கிட்டு நிமிந்திருப்பாரு. இது போயி கிறுக்கு கிறுக்குன்னு ரெண்டு காலாலயும் கெளறி எறிஞ்சுட்டு நிக்கும்.

"மதினி! உங்க சேவல் என் பாத்தியில!"

"கொழுந்தனாரே, அது வாயில்லாச் சீவன்!"

"வாயில்லையா? விடியுமுன்ன ஊரையே எழுப்புது, அதுக்கா வாயில்ல?"

ஆனாலும் இருளாயி நியாயம் தெரிஞ்சவ. அவரு பொழப்பும் போகுதேன்னு சேவலக் கால்ல கயிறு போட்டு முளையில கட்டுனா. அது முளையப் புடுங்கி, அதையும் இழுத்துக்கிட்டே வேலி தாண்டிருச்சு. அப்புறம் பஞ்சாரக் கூடையப் போட்டுக் கவுத்து, மேல ஒரு அம்மிக்கல்லத் தூக்கி வெச்சா. உள்ள இருந்துக்கிட்டு இரை எடுக்காம, தண்ணி குடிக்காம, காலையில இருந்து பொழுது சாயுற மட்டும் ஒரே கத்து. பொறுக்க மாட்டாம அவளே போயித் தொறந்துவிட்டா. அப்புறம் ரெக்கைய நறுக்கிப் பாத்தா. பறக்கத்தான முடியாது, நடக்க முடியும்ல? வேலிக்கு அடியில நுழைஞ்சு, ராசா கணக்கா நடந்து போகுது!

"ம்."

முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா? அப்போ சங்கிலிக்கு வந்துச்சு பாரு கோவம். ஒரு கல்லெடுத்து விட்டாரு. ணங்குன்னு கால்ல பட்டு, சேவல் நொண்டிக்கிட்டு வந்துச்சு. இருளாயி சும்மா இருப்பாளா? வேலிகிட்ட வந்து நின்னுக்கிட்டுக் கிழி கிழின்னு கிழிச்சா. தெருவே கூடிருச்சு. வாய்ப்பேச்சுல அவளுக்கு ஈடு குடுக்க முடியாம, சங்கிலி ஊர்ச்சாமி முனியய்யா கோயிலப் பாத்துத் திரும்பி ரெண்டு கையையும் தூக்கி, "முனியய்யா! இந்தச் சேவல உனக்கே நேந்து விட்டுட்டேன்! நீயே எடுத்துக்க!"ன்னு கத்திப்புட்டாரு.

தெருவே கன்னத்துல போட்டுக்கிச்சு. ஏன்னு கேளு. அந்த ஊர்ல சாமிக்கு நேந்துவிட்ட சேவல யாரும் அடிக்கக் கூடாது. வெரட்டக் கூடாது. அது எந்த வீட்டுக்குள்ள வேணா போகலாம், எதுல வேணா வாய வைக்கலாம். கோயில் பொங்கல் வர்ற வரைக்கும் அது சாமி சேவல். பொங்கலன்னைக்கி அறுத்துருவாக. சங்கிலி நாக்கக் கடிச்சுக்கிட்டாரு. என்ன கடிச்சு என்ன? அடுத்த வீட்டுச் சேவலத் தூக்கித் தானமாக் குடுத்தாச்சு, அதுவும் தன் கீரைக்கே எமனா!

இருளாயிக்கு ஒரே சந்தோசம். பின்னாடி வாரத அவ யோசிச்சாளா? "ஏத்துக்கிட்டேன் கொழுந்தனாரே! இன்னையிலருந்து இது முனியய்யா சேவல்தான். இனி ஒரு கல்லு எடுங்க பாப்போம்!"ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லி, அது கால்ல ஒரு மஞ்சத் துணியையும் கட்டிவிட்டா.

அப்புறம் செவலைக்கு என்ன, வேலி கெடையாது, கேள்வி கெடையாது. விடிஞ்சா கீரைப் பாத்திதான். சங்கிலி பல்லக் கடிச்சுக்கிட்டு யோசிச்சாரு. கல்லுதான ஆகாது? தண்ணி ஊத்துனா சாமி குத்தமா? கீரைக்குத் தண்ணி ஊத்துற பூவாளிய எடுத்து, சொர்ர்ர்ர்ருன்னு அது தலையில ஊத்துனாரு. சடசடசடன்னு ஒரு உதறு உதறிட்டு ஓடிருச்சு. அடுத்த நாளும் வந்துச்சு, ஊத்துனாரு. அதுக்கு அடுத்த நாளும் வந்துச்சு. மாசியில வெயில் ஏறிருச்சா, தண்ணி பட்டா அதுக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. உதறுறத விட்டுருச்சு. ஓடுறதையும் விட்டுருச்சு. கண்ண மூடிக்கிட்டு, பூவாளிக்கு அடியில வந்து தானா நிக்கும்.

அப்போ சங்கிலி ஒண்ணக் கவனிச்சாரு. வெதைதான் கெளறுமே ஒழிய, முளைச்ச கீரைய அது தொடல. தண்டுல இருக்குற பச்சப் புழுவத்தான் டொக்கு டொக்குன்னு கொத்தித் தின்னுச்சு. அந்தப் பருவம் கீரை எலையில ஒரு ஓட்டை கெடையாது. அதுக்காக வாயால நல்லதாச் சொல்லிருவாரா? "சனியனே, தள்ளி நில்லு, கீரைக்கு ஊத்தணும்"னு தெனம் திட்டுவாரு. ஆனா மொதத் தண்ணி சேவலுக்குத்தான். வேலிக்கு இந்தப் பக்கம் இருளாயி பாத்திரம் விளக்கிக்கிட்டே, அந்தச் சொர்ர்ருங்குற சத்தத்தையும் திட்டையும் கேட்டுச் சிரிச்சுக்குவா.

"ம்..."

பங்குனி பொறந்துச்சு. ஒருநாள் டண்டணக்க டண்டணக்கன்னு கொட்டுச் சத்தம். கோயில் பொங்கலுக்கு நாள் குறிச்சுச் சாட்டிட்டாக! சோறு வடிச்சுக்கிட்டு இருந்த இருளாயிக்குக் கை அப்படியே நின்னுபோச்சு. மடியில கட்டி வளத்த புள்ளையில்லையா அது?

எதுத்த வீட்டுக்காரி வந்து, "சந்தையில இதே மாதிரி ஒரு செவப்புச் சேவல் வாங்கி மஞ்சத் துணியக் கட்டிவிட்ரு. யாருக்குத் தெரியப் போகுது?"ன்னா.

இருளாயி கண்ணத் தொடைச்சுக்கிட்டுச் சொன்னா, "ஏத்துக்கிட்டேன்னு சொன்னது நான்தான். அந்தப் பேரச் சொல்லித்தான் இம்புட்டு நாளும் அது கல்லடி படாம இருந்துச்சு. காவலுக்கு மட்டும் சாமி வேணும், அதே சாமி கேக்கும்போது ஏமாத்தணுமா? எனக்கு மனசு வரல."

எப்பேர்ப்பட்ட பொம்பள பாரு! அவளுக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான். அப்பயும் சொன்ன சொல்ல மாத்தல.

சாயங்காலம் சங்கிலி வேலிகிட்ட வந்தாரு. சண்டை போட இல்ல. "மதினி, கோவத்துல வாய் தவறிருச்சு. தப்பு என்னுதுதான்."

"உங்க வாய் பாதி, என் வாய் பாதி கொழுந்தனாரே. யாரச் சொல்ல?"

அவரு ஒரு கட்டுக் கீரைய வேலி மேல வெச்சுட்டுப் போயிட்டாரு.

பொங்கலன்னைக்கி இருளாயி செவலைய மடியில தூக்கிக்கிட்டே போனா. அன்னைக்குக் குஞ்சக் கட்டிக்கிட்டு நடந்தா பாரு, அதே சீலைதான். அந்தக் கோயில்ல ஒரு வழக்கம் உண்டு. பூசாரி மஞ்சத் தண்ணி தெளிப்பாரு. சேவல் உடம்ப உதறுனா, சாமி ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். மூணு தரம் தெளிச்சும் உதறலைன்னா, சாமிக்கு வேணாம்னு திருப்பிக் குடுத்துருவாக. ஆனா தண்ணி பட்டு உதறாத சேவல் எங்க இருக்கு? அந்தக் கோயில்ல அதுவரைக்கும் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. அதனால இருளாயி மனசத் தேத்திக்கிட்டுத்தான் அதக் கீழ எறக்கி விட்டா.

பூசாரி ஒரு தரம் தெளிச்சாரு. சளப்! செவலை அசையல.

இன்னொரு தரம் கை நெறைய அள்ளித் தெளிச்சாரு. சளப்! அது கண்ண மூடிக்கிச்சு.

பூசாரி முழிக்கிறாரு. கொட்டுக்காரவுக அடிக்கிறத நிறுத்திட்டாக. கடைசியாச் செம்போட தூக்கி அது தலையில சொர்ர்ர்ர்ருன்னு கவுத்தாரு. செவலை கழுத்த நிமித்தி, வாயத் தொறந்து, வழிஞ்ச தண்ணிய ஒரு வாய் குடிச்சுட்டு, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு நின்னுச்சு!

இருளாயிக்கு ஒண்ணும் வெளங்கல. சுத்திப் பாத்தா. கூட்டத்துல சங்கிலி நிக்கிறாரு. கண்ணுல தண்ணி கொட்டுது. வலது கை மட்டும் பூவாளியச் சாய்க்கிற மாதிரி அந்தரத்துல சாய்ஞ்சு நிக்குது. அப்பத்தான் அவளுக்கு வெளங்குச்சு.

"முனியய்யாவுக்கு இது வேணாமாம். கூட்டிக்கிட்டுப் போ தாயி"ன்னாரு பூசாரி. இருளாயி சேவலக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா பாரு, நனைஞ்ச சேவலுக்கு இன்னொரு குளியல்!

மறுநாள் விடிஞ்சுச்சு. சேவல் கூவுச்சு. அப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து அதே சத்தம்.

"மதினி! உங்க சேவல் என் பாத்தியில!"

இருளாயி அடுப்படியில இருந்தே குரல் குடுத்தா. "நம்ம சேவலுக்கு மொதத் தண்ணி ஊத்துங்க கொழுந்தனாரே!"

சொர்ர்ர்ர்ர்...

ம் சொல்லு. சொல்ல மாட்டியா? தூங்கிட்டியா? செவலையும் கண்ண மூடிருச்சு, என் ராசாத்தியும் மூடிட்டா. கதைக்குப் பஞ்சாரம் கவுத்தாச்சு. சேவல் கூவுற வரைக்கும் தூங்கு.