பனிச்சரிவில் வரையாடுகள் தள்ளித் தள்ளி நடப்பது ஏன்

அந்தக் காலத்தில், ஆடுகள் வாய் திறந்து பேசிய நாளில், மையி என்ற இளம் வரையாடு பனிமலையில் நின்று குளம்பால் பனியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடியில் பாசி கிடைத்தால்தான் மடியில் பால் ஊறும். குட்டி பிறந்து இருபது நாள்தான் ஆகிறது.

மேலே இருந்த பனி, காற்று கொண்டுவந்து அப்பியது, நல்ல கெட்டி. அதற்குக் கீழே இருந்ததோ வறுத்த ரவை மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்தது. மையிக்கு அது சரியாகப் படவில்லை.

அன்று மந்தை சரிவைத் தாண்டி உப்புப் பாறைக்குப் போகவேண்டும். அப்போதெல்லாம் வரையாடுகள் விலாவோடு விலா உரசித்தான் நடக்கும். யாராவது நாலடி தள்ளி நடந்துவிட்டால் போதும், "என்ன, குடும்பத்தில் சண்டையா?" என்று மந்தை முழுக்கக் கேட்டுவிடும்.

மந்தைக்குத் தலைவர் பெருங்கொம்பர், மையியின் மாமனார். அவள் தயங்கித் தயங்கி அவரிடம் போனாள்.

"மாமா, அடியில பனி ஒட்டாமக் கெடக்கு. மேல உள்ளது எந்நேரமும்..."

"ஏய் மையி! வாய்க்குள்ளயே என்ன பேச்சு? நேரமாச்சு, குட்டிய அனுப்பு" என்று நாத்தனார் சுட்டி கூப்பிட்டாள். மையி பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். சுட்டி குட்டியைத் தன் விலாவோடு சேர்த்துக்கொண்டு மந்தையின் நடுவில் இறங்கினாள்.

கடைசியாக மையி கால் வைத்தாள். குளம்புக்கடியில் பனி 'ஹூம்' என்று அமுங்கியது. வெடுக்கென்று காலை எடுத்துப் பாறைமேல் ஏறிவிட்டாள்.

"மதினி, திரும்புங்க! குட்டியக் கொண்டாங்க!"

அவள் கத்தி அன்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

"பாருங்கடி, நம்மள உரசுனா மகாராணிக்கு ரோமம் கொட்டிருமாம்" என்றாள் சுட்டி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நடுச்சரிவில் மந்தையின் பாரம் மொத்தமும் ஓரிடத்தில் விழுந்தது. மேலே குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. விரித்த பாயை யாரோ இழுத்த மாதிரி சரிவே நழுவியது.

மையி கண்ணை மூடவில்லை. கண்ணில் பட்டவர்கள் எங்கெங்கே முங்கினார்கள், குட்டியின் முதுகு எங்கே முங்கியது என்று பார்த்துக்கொண்டாள். கருப்புப் பாறைக்கு இரண்டு எட்டு கீழே. பனி நின்றதும், மேலே இன்னும் விழ ஏதும் மிச்சமிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு ஓடினாள். தோண்டினாள். முதலில் சுட்டியின் கொம்பு தெரிந்தது. அவளுக்கு அடியில் குட்டி. மூச்சு இருந்தது.

மையி பார்த்துவைத்திருந்த இடங்களில் இன்னும் ஐந்து பேர் கிடைத்தார்கள். பெருங்கொம்பர் முங்கிய இடத்தை அவள் பார்க்கவில்லை. பொழுது சாயும்வரை தேடினார்கள். கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து, உப்பில்லாமல் முடியாது என்று ஆனபோது, வேறொரு சரிவின் ஓரத்தில் வந்து நின்றார்கள்.

"நான் முதல்ல போறேன்" என்றாள் சுட்டி.

"தொணைக்கு வரட்டுமா மதினி?"

"வேணாம் தாயி. நீ இங்கயே நில்லு. என்மேல வச்ச கண்ண எடுக்காத."

சுட்டி தனியாக இறங்கி அக்கரைப் பாறையில் ஏறினாள். திரும்பி நின்று, குட்டியை வரச்சொல்லித் தலையாட்டினாள்.

அன்று முதல்தான் பனிமலை வரையாடுகள், ஒன்று போய்ச் சேர்ந்த பிறகே அடுத்தது கால் வைக்கின்றன. அதுவரை மற்றவை மேயாமல், அதையே பார்த்தபடி நிற்கின்றன.