கூட்டுக்குள் மண் வந்த கதை

அந்தக் காலத்தில், குருவியும் ஓணானும் வாய்விட்டுப் பேசித் திரிந்தபோது, தூக்கணாங்குருவிக் கூட்டுக்குள் மண் இருக்காது. பனையோலையில் பாதிக் கூடு தொங்குவதும் கிடையாது. ஆண்குருவி ஒரே மூச்சில் கட்டி, வாசல்வரை பின்னி முடித்துவிட்டுத்தான் பெண்டாட்டியைக் கூப்பிடும். அவள் உள்ளே போய் முட்டையிடுவாள். கூடு நின்றால் பிள்ளை, நிற்காவிட்டால் தலைவிதி. கணினிக்கு நிரல் எழுதுகிற சிலர் இன்றைக்கும் இப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள். அவர்கள் கதைக்குக் கடைசியில் வருகிறேன், அவசரப்படாதீர்கள்.

ஏரிக்கரைப் பனை ஒன்றில் கொன்றையன் என்றொரு குருவி இருந்தான். கூடு பின்னுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. முடிச்சில் தொடங்கி வாசல்வரை ஒரே நாரை நீளமாக ஓட்டிப் பின்னுவான். அந்தக் கர்வமும் கொஞ்சமில்லை. அவன் பெண்டாட்டி பெயர் இலந்தை. போன ஆடியில் அவன் கட்டிய கூட்டில் மூன்று முட்டை இட்டாள். ஒரு மத்தியானம் இரைக்குப் போய்த் திரும்பினால், கூடு அப்படியே தொங்குகிறது, உள்ளே முட்டையைக் காணோம். கீழே கரைச் சேற்றில் ஓடு உடைந்து கிடந்தது. மூன்று நாள் அவள் ஒரு தானியம் தொடவில்லை.

இதோ அடுத்த ஆடியும் பிறந்துவிட்டது. இலந்தைக்கு வயிறு கனக்கிறது. இன்னும் ஐந்தாறு நாளில் முட்டையிட்டாக வேண்டும்.

"இலந்தை! வந்து பாரு புள்ள, எப்படிக் கட்டியிருக்கேன்னு!"

வந்து பார்த்தாள். கூடு என்னவோ அழகுதான்.

"போன தடவை முட்டை ஏன்யா விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

"முடிச்சு தளர்ந்திருக்கும். அதான் இந்தத் தடவை பத்துச் சுத்து கூடப் போட்டிருக்கேன்."

"தளர்ந்ததை நீ பார்த்தியா?"

"எப்படிப் பார்க்கிறது? அதுமேலேயே பின்னி மூடியாச்சே. சந்தேகம்னா ஓணான் அண்ணனைக் கேட்டுக்க."

மட்டையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணான் தலையை ஆட்டியது. "நல்ல கூடு, நல்ல கூடு!" போன வருஷக் கூட்டுக்கும் அது இப்படியேதான் தலையை ஆட்டியது. வேலிக்கு ஓணான் சாட்சி என்று சும்மாவா சொன்னார்கள்?

இலந்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கூடு தாங்குமான்னு தெரிஞ்சுக்க என் பிள்ளையைப் போட்டுத்தான் பார்க்கணுமா? அந்தச் சோதனை எனக்கு வேணாம்யா!"

சொன்னவள் சும்மா இருக்கவில்லை. வாசல் நாரை அலகால் கவ்வி ஒரே இழுப்பு இழுத்தாள். எல்லாம் ஒரே நார் அல்லவா? வாசல் பிரிந்தது, அதோடு தரை பிரிந்தது, அறை பிரிந்தது, கடைசியில் பத்துச் சுற்று முடிச்சும் அவிழ்ந்து வெறும் ஓலை நின்றது.

"அடிப்பாவி! பத்து நாள் உழைப்பு!" என்று கத்தினான் கொன்றையன். அக்கம்பக்கத்துக் குருவிகள் எல்லாம் சிரித்தன.

"ஒரு இடத்தைத் தொட்டா மொத்தமும் அவிழுதே, இதுவா கூடு? இந்தத் தடவை முடிச்சுக்குத் தனி நார், குறுக்குப் பாலத்துக்குத் தனி நார், தரைக்குத் தனி நார். ஒண்ணைப் பிரிச்சா இன்னொண்ணு அசையக் கூடாது. பாதியில நிறுத்து, நான் வந்து பார்க்கிறேன்."

கோபம்தான் அவனுக்கு. ஆனால் அவள் வயிற்றைப் பார்த்ததும் மறுபடி நார் கிழிக்கப் போனான். மூன்றாம் நாள் குல்லாய் மாதிரி ஒரு பாதிக் கூடு தொங்கியது. வாசல் வரவேண்டிய அடிப்பக்கம் திறந்து, நடுவே முட்டை வாசல் பக்கம் உருளாமல் தடுக்க வரப்பு மாதிரி ஒரு பாலம், பாலத்துக்கு மறுபக்கம் முட்டை தங்கும் குழி.

இலந்தை பாலத்தில் உட்கார்ந்து இழுத்து ஆடினாள், தொங்கிக் குதித்தாள். முடிச்சு அசையவே இல்லை.

"அப்போ குத்தம் முடிச்சில இல்ல," என்றாள். பிறகு ஏரிச் சேற்றில் முட்டை அளவு, முட்டை கனத்துக்கு, மூன்று மண் உருண்டை பிடித்து வந்து குழியில் வைத்தாள். "இப்போ ஓலையை ஆட்டுய்யா. ஆடிக்காத்து மாதிரி ஆட்டு."

ஆட்டினான். ஒரு உருண்டை உருண்டு, பாலத்தைத் தாண்டி, சேற்றில் பொத்தென்று விழுந்தது.

"ஐயோ!" என்று பாய்ந்தான் கொன்றையன்.

"பதறாதே. மண்ணுதான்."

போன வருஷம் பிள்ளைகள் போன வழியை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறான். அப்போதும் பாலம் இப்படித்தான் தாழ்ந்திருந்திருக்கிறது. அவன் பத்துச் சுற்றுச் சுற்றியதோ முடிச்சை.

"நான்தான் கொன்னுட்டேன், இலந்தை."

"பார்க்க வழி வைக்காம கட்டிட்டோம். அழுதது போதும், பாலத்தை உயர்த்து."

பாலத்தை மட்டும் பிரித்து உயர்த்தினான். மற்றதில் ஒரு நாரும் அசையவில்லை. மறுபடி ஆட்டியபோது ஒரு உருண்டை விழுந்தது. இன்னும் உயர்த்தினான். மூன்றாம் தடவை ஆட்டு ஆட்டென்று ஆட்டியும் உருண்டைகள் குழியிலேயே கிடந்தன. அவற்றை ஓரமாக ஒட்டிவிட்டு, "இப்போ மூடு," என்றாள் இலந்தை. அறையையும் நீள வாசலையும் அவன் பின்னி முடித்த மறுநாள் அவள் முட்டையிடத் தொடங்கினாள்; இந்தத் தடவையும் மூன்று.

அந்த வாரமே காற்று வந்தது. அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று. பனை வளைந்தது, ஓணான் மட்டையோடு போய் விழுந்தது. காற்று ஓய்ந்ததும் கொன்றையன் உள்ளே எட்டிப் பார்த்தான். இலந்தை அடைகாத்தபடியே கொஞ்சம் நகர்ந்து காட்டினாள். மூன்று முட்டையும் இருந்தன. "இருக்குடி! மூணும் இருக்கு!" என்று அவன் போட்ட கூச்சலில் கரையே கூடிவிட்டது.

சிரித்த குருவிகள்தான் முதலில் வந்தன. "இதே மாதிரி எங்களுக்கும் ஒரு கூடு கட்டிக் கொடேன்."

"கூட்டைக் கேக்காதீங்க, கட்டுற முறையை எடுத்துட்டுப் போங்க," என்றாள் இலந்தை. "உங்க ஓலை வேற, உங்க காத்து வேற. முறை ஒண்ணுதான்."

அன்று முதல்தான் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டோடு நிறுத்தி, பெண்டாட்டி வந்து இழுத்துப் பார்க்கும்வரை காத்திருக்கிறது. கூட்டுக்குள் மண் ஒட்டியிருப்பதும் அதனால்தான். ராத்திரி வெளிச்சத்துக்கு மின்மினியை ஒட்டிவைக்கத்தான் அந்த மண் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அதைப் பார்த்துத்தான் விவரமுள்ள நிரல்காரர்களும் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கழற்றிப் பார்க்கும்படி எழுதி, நிஜம் வரவேண்டிய இடத்தில் முதலில் ஒரு போலியை வைத்து ஆட்டிப் பார்க்கிறார்கள்: விழுவதானால் மண் விழட்டும், முட்டை விழ வேண்டாம் என்று.