யார் கூட்டி வந்த பெண்?

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. பேசியதோடு விட்டனவா, பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்கவும் செய்தன. என்ன பாடம் படித்தன என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. ஊர் ஊராக வந்து சேர்ந்த தவிட்டுக்குருவிப் பெண்களுக்குப் பெரிய வாகை மரம் ஒன்றை விடுதியாகக் கொடுத்தார்கள். வந்த புதிதில் ஒருத்தி ஒருத்தியிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். தனித்தனியாக இரை தேடினார்கள், தனித்தனியாக அழுதார்கள்.

சொர்ணம் என்ற குருவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "இப்படித் தனியாக் கெடந்து சாகறதுக்கு, எல்லாரும் அக்கா தங்கச்சியா இருந்துட்டா என்னடி?" அப்படிப் பிறந்ததுதான் அந்த விடுதியின் சகோதரிகள் சங்கம். சொர்ணமே தலைவி.

தண்ணீர்த் தொட்டி மேல் எப்போதும் ஒரு வல்லூறு உட்கார்ந்திருக்கும். அது வேஷம் போட்டு உள்ளே நுழைந்துவிடுமோ என்று பயந்து சொர்ணம் ஒரு சட்டமும் போட்டாள். புதிதாக வருகிறவளைச் சங்கத்தில் ஒருத்தி கூட்டி வந்து, "இவளுக்கு நான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். பொறுப்பாளி இல்லாதவள் மரத்தில் இருக்கக் கூடாது. சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான்.

ஒரு மழைக்காலத்தில் மெஸ் வரிசையில் ஒரு குயில் குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஆள் பெரிசு, ஆனால் பறக்க இன்னும் வரவில்லை. சங்கத்துப் பேச்சி கூட்டி வந்திருப்பாள் என்று சொர்ணம் ஒரு புழுவை ஊட்டினாள். தலைவியே ஊட்டுகிறாள், அவளுக்கு வேண்டியவள் போலிருக்கிறது என்று பேச்சி இரண்டாக ஊட்டினாள். அதைப் பார்த்த மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பெண் நன்றாகக் கொழுத்தாள்.

சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. வார்டன் நாரை ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, "யார் யாரைக் கூட்டிட்டு வந்தீங்களோ, அவங்க பக்கத்துல போய் நில்லுங்க" என்றார். குயில் மட்டும் நடுவில் தனியாக நின்றாள்.

"ஏய் பேச்சி, அது உன் ஆளுதானே?" என்றாள் சொர்ணம்.

"ஐயையோ, நான் இல்லக்கா! நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்கன்னு நெனச்சேன்!"

"நான் எங்கடி போய்க் கூட்டிட்டு வந்தேன்? அப்போ பட்டுவா?"

"நானா? எனக்கு இவ பேருகூடத் தெரியாதே!" என்றாள் பக்கத்துக் கிளையில் இருந்த பட்டு.

எல்லாருக்கும் தலை சுற்றியது. வார்டன் குயிலையே கேட்டார். "உன்னை யாரும்மா கூட்டிட்டு வந்தது?"

"தெரியலை மேடம்" என்று அவள் அழத் தொடங்கினாள். "எல்லாரும் ஊட்டினாங்க. எல்லாரும்தான் கூட்டிட்டு வந்தாங்கன்னு இருந்துட்டேன்."

"பொறுப்பாளி இல்லைன்னா இப்பவே கீழே இறங்கணும். உங்க சட்டம்தானே?"

தொட்டி மேலிருந்த வல்லூறு கழுத்தை நீட்டிப் பார்த்தது. சொர்ணம் வல்லூறையும் குயிலையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டம் அவளே போட்டது. பிள்ளையோ பறக்கத் தெரியாதது. பொய் சொன்னால் நாளைக்கு எந்த முகத்தோடு தலைவியாக இருப்பது? ஒன்றும் விளங்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் குயில், அழுகையிலும் பழக்கதோஷத்தில், அவளைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"நான்தான் கூட்டிட்டு வந்தேன்!" என்று கத்தினாள் சொர்ணம்.

"இல்ல, நான்!" என்றாள் பேச்சி. "நான்தான் மேடம்!" என்றாள் பட்டு. மரமே ஒரே குரலில் "நான்தான், நான்தான்" என்று அலறியது.

"ஒருத்தர் சொல்லுங்க!" என்று வார்டன் கத்திப் பார்த்தார். சத்தம் இன்னும் கூடியது. காது அடைத்துப்போன வல்லூறு தொட்டியை விட்டே பறந்துவிட்டது. போதுமடா சாமி என்று வார்டனும் குளத்துப் பக்கம் போய்விட்டார்.

இறக்கை முற்றியதும் குயில் போனாள். யாரிடம் சொல்லிக்கொள்வது என்று தெரியாமல் எல்லாரையும் பார்த்து அழுதுவிட்டுத்தான் போனாள். அவளை யார்தான் கூட்டி வந்தது? எனக்குப் புரியவில்லை, சங்கத்திலும் இன்னும் முடிவாகவில்லை. அன்று பிடித்துத்தான் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகவே திரிகின்றன, எல்லாம் ஒரே நேரத்தில் கத்துகின்றன. வாய் திறந்த குஞ்சு எதைக் கண்டாலும் முதலில் ஊட்டிவிட்டு, யாருடையது என்ற சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கின்றன.